இல்லைன்னு சொல்றதுக்கும் கட்டணம்

சித்தெ அக்கட்டால தள்ளி உக்காரு கண்ணு. இந்தக் குழாயை எங்க வெக்கறதுன்னே தெரியல. படுக்க வெச்சா போறவன் வர்றவன் கால்ல இடறுது, நிக்க வெச்சா பஸ்ஸு கம்பியில முட்டுது. பயப்படாதே, துப்பாக்கியெல்லாம் இல்ல. பிளானு. எங்க ஆஸ்பத்திரியோட பிளானு. ஆஸ்பத்திரிகளுக்கு அனுமதி குடுக்கற ஆபீஸ் ஈரோட்டுல இருக்குது, அங்க கொண்டுபோய்க் குடுக்கணும். இது மூணாவது தடவை. மூணாவது தடவையும் கட்டணம் கட்டணும், அதைக் கேளு முதல்ல.

இல்ல, நீயே சொல்லு. நாம விண்ணப்பம் குடுக்கறோம், பணம் கட்டறோம். வந்து பாக்கறாங்க. இது சரியில்ல, அது சரியில்ல, அனுமதி இல்லைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. சரி, கட்டுன பணம்? அது போச்சு. மறுக்கா விண்ணப்பமா, மறுக்காக் கட்டு. இல்லைன்னு சொல்றதுக்கும் கட்டணமா? பொண்ணு பாக்க வர்றவன்கூட நம்மூட்டு பஜ்ஜியத் தின்னுட்டுத்தான் புடிக்கலைன்னு சொல்றான், ஆனா பஜ்ஜியோட போயிடறான். உண்டியலா எடுத்துட்டுப் போறான்?

நானு நாச்சம்மா. எங்கூட்டுக்காரரு டாக்டர் சென்னியப்பன். நீ கேள்விப்பட்டிருப்பே. படல? எந்த ஊரு உனக்கு? ஓ, அந்தப் பக்கமா, அப்ப தெரியாதுதான். எங்க ஊர்ல வந்து கேளு, பாதிப் பேரு அவரு கையில பொறந்தவங்க. வைத்தியம் அவருது. ஆஸ்பத்திரி என்னுது. தப்பா நெனைக்காதே, அவருக்கு நாடி புடிக்கத் தெரியும், மருந்து எழுதத் தெரியும், ஒருத்தன்கிட்ட பீஸு கேக்கத் தெரியாது. பத்துக் கட்டிலு போட்டு, நர்ஸு வெச்சு, ஜெனரேட்டர் வாங்கி, இத்தனை வருசம் ஓட்டுனது இந்தக் கைதான்.

ஒத்தைப் பொண்ணு எங்களுக்கு, மிருதுளா. பிரசவ டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டா. சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரியில இருக்கறா. வாடி ஊருக்கு, அப்பனுக்கு வயசாச்சுன்னு கூப்பிட்டேன். வர்றேம்மா, ஆனா பிரசவத்துக்குன்னு தனியா தியேட்டரு வேணும், கொழந்தைகளுக்குத் தனி அறை வேணும், இந்தப் பத்துக் கட்டில வெச்சுட்டு நான் என்ன பண்றதுன்னு கேட்டா. கேட்டா கட்டாமயா இருப்பேன்? மாடி எழுப்பிட்டேன். தியேட்டரு, இன்னும் பத்துக் கட்டிலு, டைல்ஸு, எல்லாம்.

அனுமதியா? கட்டிட்டு வாங்கிக்கலாம்னுதான். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க? நீ ஊடு கட்டும்போது எப்படிப் பண்ணுனே? கட்டலயா இன்னும்? கட்டும்போது தெரியும்.

கட்டி முடிச்சு, விண்ணப்பம் குடுத்து, பணத்தையும் கட்டுனேன். பாக்கறதுக்கு ஒரு அம்மா வந்தாங்க. டாக்டர் ஜெயசெல்வின்னு பேரு. சின்ன வயசு, ஒரு காபிகூடக் குடிக்கல. காபி குடிக்காத ஆபீசரை நான் நம்பறதே இல்ல. நேரா மாடிப்படிக்குப் போனாங்க. நடுவுல படி திரும்பற எடத்துல நின்னுட்டாங்க.

"ஸ்ட்ரெச்சர் இதுல திரும்பாதேம்மா. ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்ட்டை எப்படிக் கீழ கொண்டு வருவீங்க?"

நான் சொன்னேன், "ஏனுங்க, எங்க கம்பவுண்டரு மாரப்பன் இருக்கறான், வார்டு பாய் இருக்கறான். சேர்ல உக்கார வெச்சுத் தூக்கிட்டு வந்துருவாங்க. பூவாட்டம் எறக்குவாங்க."

"கரண்ட்டு போயி, தீ கீ புடிச்சா? மாடியில இருக்கற பத்துப் பேரையும் சேர்லயா தூக்குவாங்க?"

பாரு, கட்டி முடிச்சு சந்தனம் தெளிச்ச ஈரம் காயல, தீ புடிச்சாங்கறாங்க. நாக்குல என்ன இருக்குதுன்னு யோசிக்க வேண்டாம்?

ரேம்ப்பு வேணும்னுட்டாங்க. படி இல்லாம சரிவா ஏறும்ல, அது. வாசல்லயே ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரிக்குள்ள நொழையறதுக்கு ஒரு வழி விட்டு, அப்படியே வளைஞ்சு மாடிக்கு ஏறணும். எங்க வாசல்ல ஆறு படி. வலப்பக்கம் மெடிக்கல் ஷாப்பு. இடப்பக்கம் பக்கத்து ஊட்டுக்காரன் சுவரு. ரேம்ப்பு வெக்கறதுக்கு இருக்கறதே ஒரே எடந்தான். அந்த எடத்துல பிள்ளையாரு உக்காந்திருக்கறாரு.

அந்தம்மா பிள்ளையாரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "இவரைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சுக்கலாமே"ன்னாங்க.

கொஞ்சம் நகர்த்தறதா? பீரோவா அவரு?

உனக்கு அந்தக் கதையச் சொல்லணும். எங்க வாசலுக்கு முன்னால சாக்கடைக் கால்வாய் போவுது. ரொம்ப வருசத்துக்கு முந்தி, அதை அகலம் பண்றோம், உங்க நெலத்துல கொஞ்சம் எடுப்போம்னு டேப்பு புடிச்சுட்டு வந்தாங்க. எங்க பட்டா நெலம்! சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. எங்கூட்டுக்காரரு, போனாப் போவட்டும் நாச்சா, ஊருக்குத்தானேன்னாரு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நான் மறு வாரமே அந்தக் கோட்டு மேல பிள்ளையாரை உக்கார வெச்சுட்டேன். மேடை கட்டி, மணி கட்டி, தகரம் போட்டு. மறுபடி வந்தவங்க செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டுப் போயிட்டாங்க. கால்வாய் இன்னைக்கும் எங்க வாசல்ல மட்டும் ஒடுங்கித்தான் போவுது, வந்து பாரு.

எங்க வாங்குனேனா? பிள்ளையாரைப் போயி ஆராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா? திருட்டுப் பிள்ளையாருக்குத்தான் சக்தி ஜாஸ்தி, உங்க பக்கமும் அப்படித்தானே சொல்லுவாங்க? ஆலாம்பள்ளம்னு ஒரு ஊரு. இந்த பஸ்ஸு அந்த வழியாத்தான் போவும். ஏரிக்கரையில கவனிப்பாரு இல்லாம உக்காந்திருந்தாரு, ஒரு விளக்கு கிடையாது, ஒரு துண்டுத் துணி கிடையாது. நானும் மாரப்பனும் கார்ல வெச்சுக் கொண்டாந்துட்டோம். கதவுல இடிச்சு எடது காதுல ஒரு சில்லு பேந்து போச்சு. அடையாளம் நல்லதுதான்னு விட்டுட்டேன். அவருக்குத்தான் கொம்பே ஒடிஞ்சதுதானே.

அதுக்கப்பறம் பாரு, ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முந்தி எல்லாரும் அங்கதான் தேங்கா ஒடைப்பாங்க. மயக்க மருந்து டாக்டரே ஒருக்காக் கும்பிட்டுட்டுத்தான் வருவாரு. அப்படிப்பட்ட சாமிய நகர்த்தச் சொன்னா நகர்த்துவனா? முடியாதுன்னேன். அப்ப அனுமதியும் முடியாதுன்னுட்டாங்க. முதல் கட்டணம் அங்க போச்சு.

ரெண்டாவது தடவை, ரேம்ப்புக்குப் பதிலா லிப்ட்டு வெக்கறேன்னு பிளான்ல போட்டுக் குடுத்தேன். மறுக்காக் கட்டணம். மறுக்கா அதே அம்மா. "லிப்ட்டுக்கு விட்டிருக்கற இந்த எடத்துல ஆள் நிக்கற லிப்ட்டுத்தான் வரும், ஸ்ட்ரெச்சர் நொழையாது. அதோட கரண்ட்டு நின்னா லிப்ட்டும் நின்னுரும்"னாங்க. சும்மா அதையே சொல்லிட்டிருந்தா எப்படி? எங்ககிட்ட ஜெனரேட்டர் இருக்குதுன்னேன். சிரிச்சாங்க. சிரிக்கறதுக்கும் சேத்துத்தான் கட்டணம் போலிருக்குது.

அந்தம்மா வாய் வெச்ச நேரந்தான் எங்கூட்டுக்காரருக்கு அப்படி ஆச்சு. நான் அப்படித்தான் சொல்லுவேன், ஆரு என்ன சொன்னாலும்.

மாடியில பெயிண்ட்டு அடிச்சது எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வாங்கன்னு நான்தான் அனுப்புனேன். ஏறுனவரு திரும்பற எடத்துல கால் வழுக்கி உக்காந்துட்டாரு. எந்திரிக்க முடியல. மாரப்பன் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு ஓடுனான். அது திரும்பல. சாச்சுப் பாத்தாங்க, தூக்கிப் பாத்தாங்க, சுவத்துல புதுப் பெயிண்ட்டெல்லாம் ஒரஞ்சு போச்சு. அப்பறம் சேர்தான். நாலு பேரு சேர்ல வெச்சு எறக்குனாங்க. ஒருத்தன் கை நழுவி, கடைசிப் படியில சாஞ்சு விழுந்துட்டாரு. முதல்ல விழுந்தப்ப சுளுக்குத்தான் இருந்திருக்கும், ரெண்டாவது விழுந்ததுலதான் இடுப்பெலும்பு ஒடிஞ்சுதுன்னு கோயமுத்தூர் டாக்டரு சொன்னாரு. அவரு சொல்லுவாரு. அவரா பாத்தாரு?

ஆபரேஷன் பண்ணி, பல மாசம் ஆச்சு. இப்ப வீல்சேர்லதான். நடக்கறது கஷ்டம்னுட்டாங்க. கையெல்லாம் நல்லா இருக்குது, புத்தி கத்தியாட்டம் இருக்குது. வைத்தியம் பாக்க என்ன? ஊடு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலயே, தரையோட தரையா. வெடியால மாரப்பனும் வார்டு பாயும் சேரோட தூக்கி, ஆறு படி ஏத்தி, உள்ள கொண்டுபோய் விட்டாங்க. மத்தியானம் எறக்குனாங்க. பொழுதோட மறுக்கா ஏத்துனாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

ஒரு நாளு, படியடியில வந்ததும், சேரு சக்கரத்தை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டாரு. "தூக்க வேண்டாம் மாரப்பா"ன்னுட்டாரு.

"ஏனுங்க, பேஷண்ட்டு உக்காந்திருக்கறாங்க"ன்னேன்.

"இங்க வரச் சொல்லு நாச்சா. எத்தனை நாளைக்கு என்னைச் சிமெண்ட்டு மூட்டையாட்டம் தூக்குவீங்க? நானா உருட்டிட்டுப் போற மாதிரி ஒரு வழி வந்தா உள்ள வர்றேன்."

அன்னையிலிருந்து வாசல்லதான். பிள்ளையாரு தகரத்துக்குக் கீழ, பிள்ளையாருக்குப் பக்கத்துல, கழுத்துல ஸ்டெத்தை மாட்டிக்கிட்டு. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? டாக்டரைப் பாக்க வந்தவன் ரெண்டு பேரையும் சேத்துக் கும்பிட்டுட்டுப் போறான். வீம்பு கண்ணு, வேற ஒண்ணுமில்ல. இத்தனை வருசம் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாத மனுசன். அப்படிப்பட்டவங்களுக்கு வீம்பு வந்தா போகாது.

பலகை போட்டுப் பாத்தேன். ஆசாரியக் கூப்பிட்டு, ஆறு படிக்கும் மேல நீளமாப் பலகை அடிச்சேன். ஏறும்போது நாலு பேரு தள்ள வேண்டியிருந்துச்சு, எறங்கும்போது சேரு தானாப் போயி மெடிக்கல் ஷாப்புல முட்டுச்சு. அவரு சிரிச்சாரு. "சரிவு கொஞ்சங்கொஞ்சமா இருக்கணும் நாச்சா, அதுக்குத்தான் அந்தப் புள்ளை அவ்வளவு நீளம் கேட்டுச்சு"ன்னாரு. அந்தப் புள்ளையாம்! என் கட்டணத்தை ரெண்டு தடவை முழுங்குனவங்க இவருக்குப் புள்ளை!

போன மாசம் ஒரு மழை அடிச்சுது பாரு. தகரத்துல ஓட்டை. ஒரு பொம்பளை, நெறமாசம், படியேற மாட்டாம ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ஏறுறா. இவரு நனைஞ்சுட்டே அவளைப் பாத்துட்டிருக்கறாரு. நான் குடையத் தூக்கிட்டு ஓடுனேன். என்னைப் பாக்கவே இல்ல. "இவளுகளெல்லாம் இத்தனை வருசமா இப்படித்தான் ஏறியிருக்கறாங்க நாச்சா. நான் உள்ள உக்காந்துட்டிருந்தேன், எனக்குத் தெரியல"ன்னாரு.

குடைய அவரு தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு, அவ ஏறி முடிக்கற வரைக்கும் நானும் பாத்துட்டு நின்னேன். பொய் சொல்ல மாட்டேன், நானும் அன்னைக்குத்தான் அதைப் பாத்தேன். அதுக்காக? அதுக்காகச் சாமிய எடுக்க முடியுமா? நான் என் கையால உக்கார வெச்ச சாமிய நானே புடுங்கறதா? ஊரு என்ன பேசும்? ஆபீஸ்காரம்மா சொன்னதும் நாச்சம்மா பிள்ளையாரையே தூக்கிட்டாள்னு சிரிக்க மாட்டாங்க? கோர்ட்டுக்குப் போறேன்னேன். வக்கீலைக்கூடப் பாத்துட்டேன்.

அந்த வாரந்தான், வெடியால வாசல் தெளிக்கப் போனவ கத்திக்கிட்டு ஓடி வர்றா. பிள்ளையாரைக் காணோம்.

மேடை மட்டும் இருக்குது. பூவெல்லாம் ஒழுங்கா ஒரு ஓரமா எடுத்து வெச்சிருக்குது. என்ன திருடன் பாரு, விளக்கைத் தொடல, மணியத் தொடல, உண்டியலைத் தொடல. பிள்ளையாரை மட்டும் தூக்கியிருக்கறான்.

எனக்குச் சந்தேகம் முதல்ல அந்த ஆபீஸ்காரம்மா மேலதான். அப்பறம் கால்வாய்க்காரங்க. அப்பறம் ரவுண்டானாகிட்ட புதுசா ஆஸ்பத்திரி கட்டியிருக்கறானே, அவன். மாரப்பனைக் கூப்பிட்டு, போயி விசாரிச்சுட்டு வாடான்னா, இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க, குனிய முடியலைங்கறான். அவனுக்கும் வயசாச்சு. ஆம்புலன்ஸ எடுக்கலாம்னா டயர் பூராச் செகப்பா ஏரிச் சேறு. கழுவறதே இல்ல அந்த டிரைவரு. ராத்திரி தெளிச்ச தூறல்ல வாசல் மண்ணு ஈரமா இருந்துச்சு. அதுல மேடை வரைக்கும் வீல்சேரு தடம் போயிட்டுத் திரும்பியிருக்குது. பாவம், தூக்கம் வராம உருட்டிட்டுத் திரிஞ்சிருக்கறாரு. திருடனை மட்டும் அவரு பாக்கல.

மிருதுளா சென்னையிலிருந்து போன் பண்ணுனா. எடுத்ததும், "பிள்ளையார் காணாமப் போயிட்டாராம்மா?"ன்னு கேக்கறா. உனக்கு ஆருடி சொன்னதுன்னேன். சிக்னல் இல்லைன்னு வெச்சுட்டா. இந்தக் காலத்துல சேதி எப்படிப் பறக்குது பாரு.

போலீஸுக்குப் போறேன்னு செருப்பை மாட்டுனேன். எங்கூட்டுக்காரரு இட்லி தின்னுட்டிருந்தாரு. அன்னைக்கு நெம்பப் பசி அவருக்கு, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னாரு. நிமுந்து பாத்து, "திருடுன சாமியத் திருடிட்டாங்கன்னு எழுதிக் குடுப்பியா நாச்சா?"ன்னாரு.

செருப்பைக் கழட்டி வெச்சுட்டேன்.

அதுவும் சரிதானே. திருட்டுக் குடுத்தாத்தான் பிள்ளையாருக்கு மதிப்பு. எங்கயோ போயி இன்னும் சக்தியா இருப்பாரு. நான் எடுக்கல. நான் நகர்த்தல. ஆபீஸ் சொன்னதுக்காக நாச்சம்மா ஒரு கல்லைக்கூட அசைக்கல, அதை நீ எங்க வேணாலும் போய்ச் சொல்லு. அவராப் போயிட்டாரு. எடம் காலியாக் கெடக்குது. காலியாக் கெடக்கற எடத்துல நான் ரேம்ப்பு வெப்பேன், மாட்டைக் கட்டுவேன், என் இஷ்டம். எஞ்சினியரைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன். அதான் இந்தக் குழாய்க்குள்ள இருக்குது. அந்தம்மா கேட்டதைவிட அகலமா வரையச் சொல்லியிருக்கறேன். இப்ப சொல்லட்டும் இல்லைன்னு. மூணாவது கட்டணத்தை மேசை மேல வெச்சுட்டு, நேரா மூஞ்சியப் பாத்துக் கேக்கப் போறேன். இதுக்கும் இல்லைன்னா நாலாவதும் கட்டுவேன். நான் ஓயற ஆளு இல்ல.

என்ன, பஸ்ஸு நின்னுருச்சு? ஆலாம்பள்ளமா? ஆமா, இதுதான் ஏரி. சித்தெ குனி கண்ணு, பாக்கறேன்.

என்ன கூட்டம் அங்க? பந்தலெல்லாம் போட்டிருக்கறாங்க. சூடம் காட்டறாங்க. ஓ, பிள்ளையாரா.

புதுசா வெச்சிருப்பாங்க. இருக்கற எடத்துலதானே வெப்பாங்க.

பச்சைத் துணியா? ஆமா, பச்சைதான். ஆபரேஷன் தியேட்டர்ல போடறது மாதிரியா? உனக்கு எப்படித் தெரியும், எல்லாத் துணியும் பச்சைதான். கடையில மீட்டர் கணக்குல விக்கறான். ஒண்ணு நம்ம பீரோவுல கொறையுதுதான், அது சலவைக்காரன் தொலைச்சது.

காதா? எடது காதுல சில்லா? எங்களுதுக்கு வலது காது. நான் எப்ப எடதுன்னு சொன்னேன்? சொல்லலை. வலது காதுதான், எனக்குத் தெரியாதா, நான் தூக்கிட்டு வந்தவ. அது எங்க பிள்ளையாரு இல்ல கண்ணு. எங்களுது இல்ல.

எறங்கிப் பாக்கறதா? எதுக்கு? இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன். எந்தப் பிள்ளையாரா இருந்தா என்ன, கன்னத்துல போட்டுக்கறதுல தப்பில்ல. நல்லாக் கவனிச்சுக்கறாங்க போலிருக்குது. விளக்கு வெச்சிருக்கறாங்க. மாலை போட்டிருக்கறாங்க. நல்லா இருக்கட்டும்.

ஒண்ணுமில்ல, ஜன்னல்ல தூசி. கண்ணுல பட்டுருச்சு.

மேக்க பாத்தியா, மழைக் கருக்கலு கட்டிட்டு வருது. எங்கூர்ப் பக்கம் இந்நேரம் தூறல் விழுந்திருக்கும். அவரு வாசல்லதான் உக்காந்திருப்பாரு, அந்த ஓட்டைத் தகரத்துக்குக் கீழ, பக்கத்துல பிள்ளையாருகூட இல்லாம. கண்டக்டரு எங்க? விசில் குடுக்கச் சொல்லு கண்ணு, ஆபீஸ் சாத்தறதுக்குள்ள நான் போயாகணும்.